மருந்து படாத புழு

"எட்டுப் பெட்டி மருந்து வித்திருக்கே. இங்க நிக்கறவங்க வாங்கினது அஞ்சு பெட்டிதான். மீதியை யாருக்கு வித்தே? பேரைச் சொல்லு" என்றார் கருப்பண்ணன்.

"அது மட்டும் கேக்காதீங்கண்ணே" என்றார் கரீம்.

கச்சிராயபாளையத்தில், கரீமின் உரக்கடை வாசலில், முப்பது விவசாயிகள் நின்றார்கள். ஆளுக்கொரு மக்காச்சோளத் தட்டை கையில். எல்லாத் தட்டையிலும் குருத்தைப் படைப்புழு தின்று தீர்த்திருந்தது. கரீம் விற்ற மருந்தை மூன்று தடவை அடித்தும் புழு சாகவில்லை. போலி மருந்து என்று சங்கத் தலைவர் கருப்பண்ணன் புகார் கொடுத்திருந்தார்.

அணைத் தண்ணீருக்கும் கரும்பு விலைக்கும் முப்பது வருஷமாக மறியல் செய்தவர் அவர். பதினோரு தடவை ஜெயிலுக்குப் போனவர். விஷமில்லாத விவசாயம் என்று ஏழு வருஷமாக நோட்டீஸ் அடித்து ஊர் ஊராகக் கொடுப்பவர்.

விசாரிக்க வந்த அதிகாரி பொறுமையாகச் சொன்னார். "பாய், வாங்கின எல்லார் பேரையும் குடுத்துடுங்க. நேர்ல கேட்டு இன்னிக்கே முடிச்சுக்கலாம். இல்லன்னா சோதனை முடியற வரைக்கும் கடையை மூடணும்."

கரீம் கல்லாவிலிருந்து கடைச் சாவியை எடுத்தார்.

"மூடிடறேன் சார்."

"மடியில கனம். அதான் வழியில பயம்" என்றார் கருப்பண்ணன். ஷட்டர் இறங்கியது. மருந்து விற்கிற காலமே அந்த ஒரு மாசம்தான்.

சோதனை செய்ய வந்தவள் தமிழ்ப்ரியா. மருந்துக்குப் புழு எப்படிப் பழகிப்போகிறது என்று ஆராய்ச்சி செய்கிற பெண். நான்கு மக்காச்சோளக் கொல்லைகளிலிருந்து புழு வேண்டும் என்றாள். மூன்று பேர் முன்வந்தார்கள்.

"நாலாவதா என் கொல்லையில எடும்மா" என்றார் கருப்பண்ணன். "ஏழு வருஷமா ஒரு சொட்டு விஷம் படாத மண்ணு. இஞ்சி பூண்டு கரைசல்தான். மருந்து படாத புழு எப்படி இருக்கும்னு நீயும் பாரு."

"அப்படி ஒரு கொல்லையைத்தான் ஐயா தேடிட்டு இருந்தேன்."

அவள் ஒவ்வொரு புழுவையும் தனித்தனி டப்பாவில் போட்டாள்.

"இன்னாத்துக்கும்மா தனித்தனியா?" என்றார் பக்கத்துக் கொல்லைக்காரர் பிச்சைமுத்து.

"ஒண்ணா போட்டா ஒண்ணை ஒண்ணு தின்னுடும்."

"அடடே, நம்ம சங்கம் மாதிரி."

கருப்பண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு மாசம் கழித்து, மூடிய கடை வாசலில் மறுபடியும் கூட்டம். எல்லார் முன்னிலையிலும் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது கருப்பண்ணன் வைத்த கோரிக்கை.

"எங்க லேப்ல மருந்தே காட்டாம தலைமுறை தலைமுறையா வளர்த்த புழு இருக்கு. அது கரீம் பாய் மருந்துல செத்துடுச்சு. மருந்து அசல்தான்" என்றாள் தமிழ்ப்ரியா.

"அப்போ எங்க புழு மட்டும் ஏன் சாகல?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிச்சா சாகறது செத்துடும். தப்பிச்சதுதான் முட்டை போடும். அதோட குஞ்சுக்கு அந்த மருந்து சாப்பாடு மாதிரி."

"நாலு கொல்லையில யாரு புழு ரொம்ப கெட்டி?" என்றார் பிச்சைமுத்து.

அவள் காகிதத்தைப் பார்த்தாள். பிறகு கருப்பண்ணனைப் பார்த்தாள்.

"நாலாவது."

கருப்பண்ணன் முகம் கறுத்தது. "டப்பாவை மாத்திப் போட்டிருப்பே."

"மூணு தடவை சோதிச்சேன் ஐயா."

"ஏழு வருஷம்மா. அந்த நோட்டீஸ்ல இருக்கற ஒவ்வொரு எழுத்தும் நான் வாழ்ந்தது."

போலீஸ் தடிக்கு முன்னால் உடையாத குரல் அங்கே உடைந்தது. பின்வரிசையில் யாரோ செருமினார்கள். பிச்சைமுத்து வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

கரீம்தான் முன்னால் வந்தார்.

"இன்னாங்க எல்லாரும் அண்ணனை இப்படிப் பாக்கறீங்க? புழு வளந்து ஆகற அந்துப்பூச்சிக்கு வரப்பு தெரியுமா, வேலி தெரியுமா? பிச்சைமுத்து கொல்லையில பழகினது பறந்து வந்து அண்ணன் கொல்லையில முட்டை வெச்சிருக்கும். இல்லீங்களாம்மா?"

தமிழ்ப்ரியா ஒரு நிமிஷம் கரீமின் முகத்தையே பார்த்தாள்.

"பறக்கும். ரொம்ப தூரம் பறக்கும்" என்றாள். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

கூட்டம் தலையாட்டியது. கருப்பண்ணனுக்கு மூச்சு வந்தது.

"பாத்தியாடா பிச்சைமுத்து. உன் விஷத்தை என் கொல்லை வரைக்கும் அனுப்பி வெச்சிருக்கே." பிறகு கரீம் பக்கம் திரும்பினார். "மனசுல வெச்சுக்காதே பாய். பேரைச் சொல்லியிருந்தா கடையை மூடற அளவுக்குப் போயிருக்காது."

"பரவாயில்லண்ணே."

வீட்டில் கருப்பண்ணனின் மனைவி ராணியம்மாள் மாட்டுக்குத் தட்டை நறுக்கிக்கொண்டிருந்தாள். மறியல், மாநாடு என்று அவர் அலைகிற நாளெல்லாம் கொல்லையைக் கட்டிக் காப்பவள் அவள்தான். கருப்பண்ணன் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"கடைசியில அந்த பாயே ஒத்துக்கினான், தப்பு நம்ம கொல்லையில இல்லன்னு."

அவள் நறுக்குவதை நிறுத்தினாள்.

"ஒரு மாசமா கடை மூடிக் கெடந்துச்சு. அந்த மனுஷன் வூட்ல அடுப்பு எப்படி எரிஞ்சுதோ."

"அதான் முடிஞ்சு போச்சே."

"நாளைக்குக் கடை தொறப்பாரா?"

"தொறப்பான். உனக்கு இன்னா அதைப்பத்தி?"

ராணியம்மாள் எழுந்து, சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டாள்.

"வேற மருந்து வந்திருக்கான்னு கேக்கணுங்க. நீங்க ஊர்ல இல்லாத நாளா பாத்து ரெண்டு பங்கு ஊத்தி அடிச்சும், பழசுக்கு நம்ம புழு சாகறதில்ல."