நான்கு கட்டத்தில் ஒரு பதில்

“என்ன அண்ணே இது, ஒரு எழுத்துகூடக் காணோம்?”

சுவரில் மாட்டியிருந்த படத்துக்கு மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று கேட்டாள் அவள். நூலகத்தின் பின்னறை அது. ஆறு வாரம் காமிக்ஸ் வரையக் கற்றுக்கொண்டவர்கள், ஆளுக்கொரு பக்கம் வரைந்து சுவர் முழுக்க மாட்டியிருந்தார்கள்.

“அந்த ஆளு எழுத மாட்டாரு தங்கச்சி,” என்றார் பக்கத்தில் நின்ற சலூன்காரர். அவரும் அதே வகுப்பு. தன் படத்தை யாராவது பார்க்க மாட்டார்களா என்று காலையிலிருந்து அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார். “பேசுறதுக்கு ஒரு பலூன் போடுய்யான்னா, ‘வாயத் தொறந்தாலே எனக்கு வம்புதான்’ம்பாரு. லிஃப்ட் மெக்கானிக். உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

“கொஞ்சம் தெரியும்.”

பதினோரு வருடக் குடித்தனத்தை அவள் அப்படித்தான் சொன்னாள்.

இரண்டு மாதத்துக்கு முன் நடந்த சண்டையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர், நண்பரின் அறையில் தங்கிவிட்டார். போன வாரம் அவளே இறங்கி வந்து, ‘வீட்டுக்கு வர்றதா இருக்கீங்களா, இல்லையா?’ என்று செய்தி அனுப்பினாள். நேற்றுதான் அவரிடமிருந்து வந்தது: ‘நூலகத்துக் காமிக்ஸ் வகுப்பில் என் படத்தை மாட்டியிருக்கிறார்கள். போய்ப் பார். அதுதான் என் பதில்.’

மருந்துக்கடையை உடன் வேலை பார்ப்பவளிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்திருந்தாள்.

“எழுத்து இல்லன்னா எப்படிப் புரியும்?”

“அதுக்குத்தானே கட்டம்.” சலூன்காரர் சீப்பை உருவுவதுபோல் சட்டைப்பையிலிருந்து பென்சிலை உருவினார். “கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல வெள்ளையா ஒரு சந்து இருக்குல்ல? டீச்சர் நடத்துன முதல் பாடமே அதுதான். கட்டத்த நாம வரையறோம். நடுவுல என்ன நடந்துச்சுன்னு படிக்கிறவங்க மனசே நிரப்பிக்கும்.”

“மனசு கண்டதையும் நிரப்புமே?”

“நிரப்பட்டும், நமக்கென்ன! என் படத்தப் பாருங்க, ஒரே கட்டத்துல எட்டு பலூன். ‘இது காமிக்ஸா, உங்க கடையா?’ன்னு கேட்டுச்சு அந்த டீச்சர் பொண்ணு.”

அவள் சிரிக்கவில்லை. ஒரே வரிசையில் நான்கு கட்டங்கள்; முதல் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசை, இரண்டு கோப்பைகள். எதிரெதிரே உட்கார்ந்த ஆணும் பெண்ணும் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய முன்பல் இடைவெளியைக்கூட விடாமல் வரைந்திருந்தார், பாவி மனுஷன்.

இரண்டாம் கட்டத்தில் அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எதிரே அவர், தலையைக் குனிந்தபடி.

“இது பொய்,” என்றாள் சட்டென்று. “அன்னைக்கு இப்படி அரை நிமிஷம் தலையக் குனிஞ்சிருந்தா, ஏன் இந்தக் கூத்தெல்லாம்?”

“என்னைக்கு?”

“ஒண்ணுமில்ல அண்ணே.”

மூன்றாம் கட்டம் வாசற்படி. கையில் பெட்டியோடு அவர் நின்றார். அந்தப் பெட்டியின் உடைந்த பிடியை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

நான்காவதில் ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு கோப்பை, ஒரு ஆள். அதற்கப்புறம் வெறும் சுவர்தான்.

“மனுஷன் கெட்டிக்காரன்தான்,” என்று நாக்கைச் சப்புக்கொட்டினார் சலூன்காரர். “சிரிச்சாங்க, முறைச்சாங்க, பெட்டியத் தூக்கினாரு, தனிமரமா உக்காந்துட்டாரு. ஒத்த வார்த்தை இல்லாம ஒரு குடும்பத்தையே முடிச்சு வெச்சுட்டாரு பாருங்க. உங்களுக்குப் புரிஞ்சுதா?”

“நல்லாப் புரிஞ்சுது. டாக்டருங்க கையெழுத்தையே படிச்சு மருந்து எடுத்துக் குடுக்குறவ நான். இது புரியாதா?”

“அட, மருந்துக்கடையா? எனக்கு இந்தத் தோள்பட்டையில ஒரு வலி...”

அவள் காதில் விழவில்லை. திரும்பி நின்று, செல்பேசியை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள். ‘உங்க பதிலைப் பாத்துட்டேன். மிச்சத் துணிமணியையும் வந்து எடுத்துட்டுப் போயிடுங்க.’ அனுப்பப் போன நேரம் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி...”

வகுப்பு டீச்சர் உள்ளே வந்தாள். சின்னப் பெண். விரலெல்லாம் பசை, கையில் சிவப்புக் காகிதத்தில் வெட்டிய ஓர் அம்புக்குறி.

“இந்த ஒரு மனுஷனால எனக்குத் தனி வேலை,” என்று அலுத்துக்கொண்டே மெக்கானிக்கின் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். “ஜப்பான் காமிக்ஸா படிச்சுத் தள்ளிட்டு வந்து சேர்ந்திருக்காரு. அதெல்லாம் வலது பக்கம் ஆரம்பிச்சு இடது பக்கம் முடியும். இவருக்கும் கை அப்படியே பழகிப்போச்சு. ஆறு வாரமா மாத்துங்கன்னு கத்துறேன், கேட்டாத்தானே! கட்டிலுதான் இவருக்கு முதல் கட்டம்.”

கட்டிலில் அந்த ஆள் தனியாக உட்கார்ந்திருந்த கட்டத்துக்குக் கீழே, அம்புக்குறியை இடப்பக்கம் பார்த்து அழுத்தி ஒட்டினாள்.

மருந்துக்கடைக்காரி அம்பு காட்டிய வழியில் கட்டில், வாசற்படி, குனிந்த தலை என்று ஒருமுறை மெதுவாகப் படித்து, சிரிப்பும் இரண்டு கோப்பையுமாக இருந்த மேசை வரைக்கும் வந்தாள். பிறகு செல்பேசியில் தட்டியதையெல்லாம் அழித்துவிட்டு அனுப்பினாள்: ‘கையைக் கட்டிக்கிட்டு நிக்க எனக்கு நேரமில்ல, நேரா கடைசிக் கட்டத்துக்கு வந்துடுங்க.’