ஒன்பதாவது சட்டி

“எட்டுப் பேருன்னு சொல்றே. வேலிக் கம்புல ஒன்பது சட்டி கவுத்து வெச்சிருக்கே. ஒன்பதாவது யாருக்கு?”

சீனுவாசன் வெயிலில் நின்றபடியே கேட்டார்.

“சட்டி ஒண்ணு கூட இருக்கக் கூடாதா ஆண்டே?” என்றாள் சவுரியம்மாள். “அதையுமா சர்க்கார்ல எண்றாங்க?”

பக்கத்துக் குடிசை லூர்துமேரி சிரித்துவிட்டாள்.

சீனுவாசனுக்குச் சிரிப்பு வரவில்லை. 1931ஆம் வருஷத்து ஜனக்கணக்கில், திண்டிவனத்தின் ஓரத்தில் நாலு தெருவும் ஒரு சேரியும் அவர் பொறுப்பு. மற்றவர்கள் சேரிக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்து, தலையாரியைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அவர் மட்டும் வீடு வீடாக வந்தார்.

முதலில் தன் வீட்டை எழுதினார். அவர், மனைவி, மகள், மகன். நாலு பேர்.

பிறகு தெருக்கள். அவருடைய தெருவில் அறுபத்திரண்டு. வன்னியர் நூற்று நாற்பத்தெட்டு. சாயபு முப்பத்தேழு. சமண நயினார் பத்தொன்பது. “நம்ம ஆளுங்களை ஒரு பத்து கூட்டிப் போடுங்க” என்று ஒவ்வொரு தெருவிலும் காதைக் கடித்தார்கள். ஒன்றுகூடக் கூட்டவில்லை. பிறந்து ஒரு நாளான குழந்தையையும் விடவில்லை. கிணற்றடியில் கிடந்த பைத்தியக்காரியையும் விடவில்லை.

ஒவ்வொரு தாளின் அடியிலும், யாரும் கேட்காமலே, ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார்: ‘உயிரோடு இருக்கும் ஒருவரும் விடுபடவில்லை.’

சேரியில் இதுதான் கடைசி வீடு. மொத்தம் நூற்று அறுபத்தைந்தா, அறுபத்தாறா?

குடிசைக்குள் யாரோ இருமினார்கள்.

“உள்ளே யாரு?”

“ஆடு ஆண்டே.”

“ஆடு இருமுமா?”

சவுரியம்மாள் நகர்ந்து வாசலை மறைத்து நின்றாள்.

“உயிரோட இருக்கிற ஒருத்தரை இல்லைன்னு மறைக்கிறது பாவம். கிறிஸ்து வேதத்துல சேர்ந்தவ நீ. உங்க சாமியார் இதைத்தான் சொல்லிக் குடுத்தாரா?”

“பாவந்தான் ஆண்டே. எழுதாம போயிடுங்க. அதான் உங்களுக்கு நல்லது.”

“எனக்கா? யாரை மிரட்டுறே? தலையாரியைக் கூப்பிட்டேன்னா பேஜாராயிடும். ஜெயிலுக்குத்தான் போவே.”

“நல்ல காரியம் வெச்சிக்கினு இருக்கீங்க. பாப்பாவுக்கு விழுப்புரத்துலேர்ந்து பரிசம் போட வர்றாங்களாம்…”

“அதுக்கும் இதுக்கும் என்ன? ஒழுங்கா பேரைச் சொல்லு!”

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

“எட்டுன்னே எழுதிக்கினு போடா, சீனு.”

பேனா அப்படியே நின்றது.

அவரைச் சீனு என்று கூப்பிட்டவள் ஒருத்திதான். அவளுக்கு அவர் கருமாதி செய்து ஆறு வருஷம் ஆகிறது.

அந்த வருஷம் ஊரில் வாந்திபேதி. வீட்டோடு இருந்த விதவை அக்கா வெள்ளையம்மாள் கண் செருகிக் கிடந்தாள். அவர் பெண்டு பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கண்டமங்கலத்துக்குக் கிளம்பினார். கிளம்பும்போது சவுரியம்மாளின் புருஷன் அந்தோணிசாமியிடம், “மூச்சு அடங்கினதும் புதைச்சிடு” என்று சொல்லிவிட்டுப் போனார். இருபது நாள் கழித்து வந்து, “புதைச்சாச்சா?” என்று கேட்டார். “ஆச்சு ஆண்டே” என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

“குழி வெட்டிட்டுத்தான் தூக்க வந்தாரு,” என்றாள் சவுரியம்மாள் மெதுவாக. “தொட்டா சூடு இருந்திச்சி. இங்க தூக்கிக்கினு வந்து கேப்பைக் கஞ்சியைத் துணியில நனைச்சி வாயில விட்டோம். உங்க கையில ஒப்படைக்கலாம்னுதான் இருந்தாரு. நீங்க கருமாதியை முடிச்சிட்டு மொட்டைத் தலையோட வந்து நின்னீங்க. அப்புறந்தான், புதைச்சாச்சான்னு கேட்டீங்க. அவரு என்னன்னு சொல்வாரு?”

சீனுவாசன் கை தானாகத் தலைமுடியைத் தொட்டது.

“எங்க கஞ்சியைக் குடிச்சவங்களை உங்க தெருவுல சேர்ப்பாங்களா? சேர்த்தா உங்களையும் தள்ளி வெச்சிடுவாங்கன்னு, அவங்கதான் வாயைத் தொறக்கக் கூடாதுன்னாங்க. அவரு சாகுற வரைக்கும் தொறக்கல. நானும் தொறக்கல.”

குடிசை வாசலில் ஓலைத் தட்டி சாத்தியிருந்தது. அதற்கடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. வெள்ளைப் புடவையின் ஓரம் மண்ணில் பட்டுக்கொண்டிருந்தது.

“எழுதித்தான் ஆவணும்னா எழுதிக்கோங்க ஆண்டே. எந்தச் சாதியில எழுதுவீங்க? எங்க சாதியிலயா, உங்க சாதியிலயா?”

அவர் தாளைப் பார்த்தார். சாதிக்கென்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. விழுப்புரத்துச் சம்பந்தியின் முகம் நினைவுக்கு வந்தது.

தட்டிக்குப் பின்னாலிருந்து மறுபடியும் குரல்.

“பாப்பாவுக்குப் பரிசம் என்னிக்கிடா?”

அவருக்குத் தேதி தெரியும். தாளின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

பாதங்கள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன. பிறகு பின்வாங்கிப் போயின.

சவுரியம்மாள் வேலிக்குப் போய் ஒரு சட்டியை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். “எண்ணிக்கோங்க ஆண்டே. இப்ப எட்டுதான்.”

சீனுவாசன் எண்ணினார். எட்டு என்று எழுதினார். சேரி நூற்று அறுபத்தைந்து. எல்லாம் சேர்த்து நானூற்று முப்பத்தொன்று. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். இரண்டு தடவையும் சரியாக வந்தது.

பிறகு தாளின் அடியில், வழக்கம்போல் குண்டு குண்டான எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்:

‘உயிரோடு இருக்கும் ஒருவரும் விடுபடவில்லை.’