எழுபத்தாறாவது அடி

பந்துக்கும் குழிக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் புல்.

கிளைட் குனிந்தார். முதலில் ஒரு முழங்கால், பிறகு மட்டையை ஊன்றிக்கொண்டு இன்னொன்று. பந்தின் மேலுள்ள கோட்டைக் குழிக்கு நேராகத் திருப்பி வைப்பது இங்கே மட்டைப் பை சுமக்கிற எங்கள் வேலை. இவர் மட்டும் ஒன்பது வருஷமாக என்னைப் பந்தைத் தொடவிட்டதில்லை. எண்ணெய்க் கிணற்று வேலைக்காக வியட்நாமில் இந்த வூங்தாவுக்கு வந்து, வேலை முடிந்த பிறகும் ஊர் திரும்பாத அமெரிக்கர்.

"அண்ணே, சட்டுனு ஆகட்டும். இறால் பணியாரம் ஆறிப்போகுது" என்றார் லோய். துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டி ஓய்வு பெற்றவர், கிளைட்டின் வியாழக்கிழமைக் கூட்டாளி. கிண்டல்தான். ஆனாலும் குரல் நடுங்கியது.

நடுங்காதா? கோல்ஃப் ஆடும் கிழவர்களுக்கு ஒரு பித்து உண்டு. தன் வயது எத்தனையோ அத்தனை அடியில் பதினெட்டுக் குழிகளையும் முடித்துவிட வேண்டும்.

ஆறு வருஷமாக அதைத் துரத்துகிறார் கிளைட். வருஷத்துக்கு ஓர் எண் அவர் பக்கமாக வரும். உடம்பு இரண்டு எண் தள்ளிப் போகும்.

அவருக்கு வயது எழுபத்தாறு. லோய் வாயாலேயே வைத்த கணக்கில் அதுவரை எழுபத்தைந்து அடி.

சனிக்கிழமை சைகோனில் முதுகெலும்பு ஆபரேஷன். அதற்குப் பிறகு மட்டையை வீசவே கூடாதென்று டாக்டர் சொல்லியாகிவிட்டது.

கிளைட் எழுந்து நின்றார். ஒரு நிமிஷம் முழுதாக நின்றார். சவுக்குத் தோப்பில் காற்று அடங்கும்வரை அசையவில்லை.

அடித்தார்.

பந்து குழியின் விளிம்பில் அரை வட்டம் சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது.

"எழுபத்தாறு!" லோய் தொப்பியை மேலே எறிந்தார். எழுபது வயதை நெருங்குகிற மனிதர், சின்னப் பிள்ளைபோலக் குதித்தார். நானும் கைதட்டினேன்.

கொட்டகையில் பீரும் பணியாரமும் காத்திருந்தன. கிளைட் சட்டைப் பையிலிருந்து ஸ்கோர் அட்டையையும் பென்சிலையும் எடுத்தார்.

கையெழுத்துப் போடுமுன் என்னிடம் ஒன்று கேட்பார். எந்த நாளும் தவறியதில்லை. அவர் பேசும் வியட்நாமிய மொழியில் பிசிறில்லாமல் வரும் ஒரே வாக்கியம் அதுதான்.

"தோவா, நான் பார்க்காதது ஏதாவது உண்டா?"

ஒன்பது வருஷமும் ஒரே பதில். ஒண்ணுமில்ல, சித்தப்பா.

பென்சில் அட்டைக்கு மேலே நின்றது.

வெயிலுக்காகக் கண்ணை மட்டும் விட்டு முகத்தைத் துணியால் மூடியிருப்போம். அதைக் கீழே இழுத்தேன். மூடிய வாயால் இதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

"பதினாலாவது குழியில, சவுக்குக்குள்ள பந்து கிடைச்சுதுன்னு கூப்பிட்டேன்ல, சித்தப்பா? அதுக்கப்புறம் பின்னால நகர்ந்தப்ப என் ஷூ பட்டுடுச்சு. ரெண்டு விரக்கடை உருண்டுச்சு. எடுத்து இருந்த இடத்துலயே வெச்சுட்டேன். உங்ககிட்ட சொல்லல."

பை சுமப்பவளின் கால் பட்டாலும் ஆட்டக்காரர் கணக்கில்தான் ஓர் அடி ஏறும்.

லோய் கோப்பையைத் தொம்மென்று வைத்தார். "ஏம்மா, நாலு பணியாரத்தை வாயில திணிச்சுக்கிட்டு உக்கார வேண்டியதுதானே! ரெண்டு விரக்கடையாம்! நண்டு தள்ளிடுச்சுன்னு நெனைச்சுக்கக் கூடாதா?"

"அண்ணே, நீங்க விடுங்க" என்று கிளைட் பக்கம் திரும்பினார். "அம்மா வயித்துல இருந்ததும் வயசுதான், தேத் புத்தாண்டுக்குப் புத்தாண்டு ஒண்ணு கூடும். எலி வருஷத்துல பொறந்தவருக்கு எங்க கணக்குல எழுபத்தெட்டு. ஒரு அடி மிச்சம் வெச்சே ஜெயிச்சிருக்கீங்க!"

"எங்கம்மா நெப்ராஸ்காவுல உக்காந்து எண்ணினாங்க, லோய்" என்றார் கிளைட்.

சொல்லிவிட்டு அட்டையை என் பக்கம் திருப்பினார். எதையும் அழிக்கவில்லை. எதையும் எழுதவுமில்லை.

பதினாலாவது கட்டத்தில் ஏழு என்றிருந்தது. அந்தக் குழி முடிந்ததும் லோய் சத்தமாகச் சொன்னது ஆறு. வியர்வை பட்டு, காய்ந்து, மங்கிப்போன ஏழு.

"மரத்துக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தேன்" என்றார் கிளைட்.

"அப்புறம் ஏன் கேட்டீங்க?"

"கேக்கலைன்னா இதையும் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்ப."

லோய் எழுந்தேவிட்டார். "அப்ப கடைசி அடிக்கு முன்னாடியே தெரியும்! தெரிஞ்சுக்கிட்டே என்னை ஒரு நிமிஷம் மூச்சை அடக்கி நிக்க வெச்சீங்களா? எதுக்கு?"

கிளைட் போனை எடுத்து எண்ணை அழுத்தினார். மறுமுனையில் ஆள் வரும்வரை பணியாரம் ஒன்றைக் கீரை இலையில் சுற்றி வாயில் போட்டுக்கொண்டார்.

"எழுபத்தேழுக்குள்ள முடிக்க என்னால முடியுதான்னு பார்த்தேன்."

அதற்குள் ஆள் வந்துவிட்டது.

"டாக்டர், சனிக்கிழமை வேண்டாம். அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி எனக்குப் பொறந்தநாள். மறுநாள் வந்து படுத்துக்கறேன்."