நடைமேம்பாலம் திறந்த காலை

மலர்க்கொடி பாலத்தின் நடுவில் நின்றிருந்தாள். கழுத்தில் மாலை, கையில் கத்திரிக்கோல்.

ரிப்பனை அவள்தான் வெட்ட வேண்டும் என்று கம்பெனிக்காரர்களே சொல்லிவிட்டார்கள்.

எர்ணாவூரில் இந்தப் பாலத்தைக் கேட்டு முதலில் ரோட்டில் உட்கார்ந்தவள் அவள்தான். பஸ் ஸ்டாப்புக்குக் கடந்துகொண்டிருந்த அவள் கணவன் பாரியை, துறைமுகத்துக்குப் போன டிரெய்லர் லாரி ஒன்று இதே இடத்தில் அடித்துப் போட்டது. மறு வாரம் மீன்கூடையைக் கவிழ்த்து வைத்து நடுரோட்டில் உட்கார்ந்தாள். பிறகு குப்பமே வந்து உட்கார்ந்தது.

தனியார் பங்களிப்போடு கட்டித் தருகிறோம் என்றது அரசு. ஒரு கம்பெனி முன்வந்தது. பாலம் அவர்கள் செலவு. பதிலுக்கு, இரண்டு பக்கமும் விளம்பரப் பலகை வைத்துக்கொள்ளலாம்.

பலகைகள் முதலில் வந்தன. படிக்கட்டு பிறகு வந்தது.

பலகையில் ஒரு குடும்பம் புது வீட்டு பால்கனியில் நின்று கடலைப் பார்த்துச் சிரித்தது. அதற்குப் பின்னால் இருந்த கடல் மலர்க்கொடிக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற கம்பெனி மேனேஜர் டெரிக்கிடம் மெதுவாகக் கேட்டாள்.

"லிஃப்ட்டு இன்னா சார் ஆச்சு?"

"அது செகண்ட் ஃபேஸ்ல, அக்கா. முதல்ல விளம்பரம் நல்லா போகட்டும்."

ரிப்பனை வெட்டினாள். மேளம் முழங்கியது.

விருந்தினர்களின் பாதுகாப்புக்காக போலீஸ் இரண்டு பக்கமும் லாரிகளை நிறுத்தி வைத்திருந்தது. மேடை எதிர்ப்பக்கம். பிரியாணியும் அங்கேதான். குப்பத்து ஜனங்கள் செங்குத்தான படிகளைப் பார்த்தார்கள், காலியாகக் கிடந்த ரோட்டைப் பார்த்தார்கள். பேசிக்கொண்டே ரோட்டிலேயே நடந்து போய்விட்டார்கள்.

பாலத்தின் மேல் அவளும் கம்பெனிக்காரர்களும் போட்டோ எடுப்பவரும்தான்.

டெரிக் மைக்கைக் கொடுத்து, நன்றி சொல்லச் சொன்னார்.

கீழே விசில் சத்தம் கேட்டது. கடைசி விருந்தினரின் கார் வந்துவிட்டது போல. லாரிகள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின.

இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தது. மலர்க்கொடி அதன் வழியே எட்டிப் பார்த்தாள்.

அவள் காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு பாரி கீழே ரோட்டில் போய்க்கொண்டிருந்தான். இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். பேன்ட்டின் வலது கால் முழங்காலுக்கு மேலே மடித்துக் குத்தப்பட்டிருந்தது. ஓர் எட்டு, கொஞ்சம் மூச்சு, இன்னோர் எட்டு.

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஐயா, லாரிய வுட்டுடாதீங்க! எங்கூட்டுக்காரு பாதி ரோட்லதான் கீறாரு!"

கீழே நின்ற போலீஸ்காரர் திடுக்கிட்டுக் கையை உயர்த்தினார். லாரிகள் உறுமியபடியே நின்றன.

லாரிகளின் உறுமலில் மேடையில் இருந்தவர்களுக்கு வார்த்தைகள் சரியாகக் கேட்கவில்லை. நன்றி சொல்லி முடித்துவிட்டாள் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.