உயிர் விஷயம்

“இந்த போர்டு நின்னா ஒரு உயிர் போயிடும். புரியுதாக்கா?”

மேலாளரின் நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. உள்ளங்கை அளவிலான அந்தப் பச்சை சர்க்யூட் போர்டைப் பிறந்த குழந்தையைக் கிடத்துவதுபோல மேஜைமேல் வைத்தார்.

சோதனைப் பிரிவின் தலைவிக்கு ‘பூதக்கண்ணாடி அக்கா’ என்ற பெயர் சும்மா வரவில்லை. மயிரிழை விரிசல் ஒன்று அவள் கண்ணில் படாமல் வெளியே போனதாகச் சரித்திரமே இல்லை. அந்தத் தொழிற்சாலைக்கென்று சொந்தமாக ஒரு பொருளும் கிடையாது. யார் படம் வரைந்து கொடுத்தாலும் போர்டு செய்து கொடுக்கும். விமானத்துக்கும் செய்வார்கள், டிராக்டருக்கும் செய்வார்கள், அமுக்கினால் அழும் பொம்மைக்கும் செய்வார்கள். “பெத்துக் கொடுக்கிறது நாம, பேரு வைக்கிறது ஊரான்” என்பாள் அக்கா.

“யாருக்கு சார் இது?”

“பெரிய இடம். வயசான அம்மா. போன தடவை பாதியில நின்னுபோச்சு. அன்னைக்கு முதலாளி வீட்ல ஒருத்தரும் சாப்பிடல.”

“ஐயையோ! அப்புறம் எப்படிப் பிழைச்சாங்க?”

“பிழைச்சது முன்னோர் செஞ்ச புண்ணியம்” என்று மேலாளர் பெருமூச்சு விட்டார்.

அக்கா போர்டை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் தள்ளினாள். குட்டிக் குட்டி மோட்டார்களை இணைக்கிற இடங்கள் வரிசையாக இருந்தன. மூச்சை உள்ளே தள்ள ஒன்று, வெளியே இழுக்க ஒன்று என்று அவளாகவே கணக்குப் போட்டுக்கொண்டாள். ஓர் ஓரத்தில் சூடு உண்டாக்கவும் வழி இருந்தது. பாவம், வயசான உடம்பு, குளிர் தாங்காது.

பார்த்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். “சார், இந்தச் சில்லுல ஒரு கால் சரியா பத்தவைக்கல. லேசா ஆடினாலே விட்டுடும்.”

மேலாளருக்கு முகம் வெளிறிப்போனது. “நல்லவேளை! என் தலை தப்பிச்சது. சரிபண்ணிட்டு எல்லாச் சோதனையும் போடுங்க. சூடு, குளிர், குலுக்கல், ஒண்ணு விடாதீங்க.”

அப்போதுதான் லைன் சூப்பர்வைசர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். “சூட்டுப் பெட்டி காலியில்ல சார். ஆஸ்பத்திரி மூச்சு மிஷினோட போர்டு பூரா உள்ள இருக்கு. பாதிச் சோதனைகூட முடியல. லாரி வேற வாசல்ல நிக்குது.”

“எடுத்து வெளிய வை.”

“எதை சார்?”

“ஆஸ்பத்திரி போர்டை! மாதிரிக்கு ரெண்டு பார்த்தா போதும், மிச்சத்தை ஏத்திவிடு.”

அக்கா துள்ளி எழுந்தாள். “அது எப்படி சார்? அதுவும் உயிர்தானே? பாதியில எடுத்த போர்டுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

“நீங்க போடவேணாம், நான் போடுறேன்” என்றார் மேலாளர். பிறகு குரல் தழைந்தது. “அக்கா, அது என்னைக்கோ, எங்கயோ, யாருக்கோ. இங்க ஒருத்தங்க இன்னைக்குக் காத்துட்டிருக்காங்க. முதலாளி நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் பண்றார். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு.”

மற்ற நாளாக இருந்தால் அக்கா ஆலையையே ரெண்டாக்கியிருப்பாள். ஆனால் கண்ணை மூடினால் முகம் தெரியாத ஒரு கிழவி மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடினாள். சண்டை போடுகிற நேரத்தில் அந்த மூச்சு நின்றுவிட்டால்? அவள் பற்றவைக்கும் கம்பியைக் கையில் எடுத்தாள்.

தன் கையாலேயே அந்தக் காலை ஒட்டினாள். அவ்வளவு பெரிய சூட்டுப் பெட்டிக்குள் ஒற்றை போர்டு தனியாகக் கிடந்து வெந்தது. அடுத்து குளிரில் விறைத்தது. குலுக்கும் மேஜையில் அது கிடுகிடுத்தபோது அக்காவின் உதடு ‘தாயே, விட்டுடாதே’ என்று முணுமுணுத்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாரும் போனார்கள், அவள் அசையவில்லை. சோற்றுப் பாத்திரம் திறக்காமலே ஆறிப்போனது.

கடைசியில் பச்சை விளக்கு எரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் கைகூப்பிவிட்டார்.

“இனிமே இது நூறு வருஷம் ஓடும் சார்.”

“அவங்களும் ஓடுவாங்க போலிருக்கு” என்று முனகிக்கொண்டே, போர்டைப் பஞ்சு வைத்த பெட்டிக்குள் மேலாளர் பத்திரப்படுத்தினார். வெளியே முதலாளியின் கார் அதற்காகவே தயாராக நின்றது. ஆஸ்பத்திரி போர்டுகளை ஏற்றிய லாரி அதைத் தாண்டி உறுமிக்கொண்டு தெருவில் இறங்கியது.

அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷ வேலையில், தன் கைபட்ட ஒன்று யாரைக் காப்பாற்றுகிறது என்று இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

“சார், அந்தம்மா எந்த ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு சொல்லுங்க. சாயங்காலம் ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வரேன்.”

வாசல்வரை போன மேலாளர் திரும்பி நின்று அவளை விநோதமாகப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரியா? இது முதலாளியோட மாமியாருக்கு முதுகு பிடிச்சுவிடுற நாற்காலிக்கு, அக்கா!”