வேரில்லாத வாழை

"அப்போ கொன்னுடலாம்ங்கிறியா?"

"நான் எப்போலா அப்படிச் சொன்னேன்? இனிமே வெட்ட முடியாதுன்னுதான் சொன்னேன்."

இரண்டு அறைகளுக்கும் நடுவே, புட்டிகளைக் கைமாற்ற ஒரு சின்ன ஜன்னல். இந்தப் பக்கம் துளசி, முகமூடிக்கும் தொப்பிக்கும் இடையில் கண்கள் மட்டும் தெரிய. அந்தப் பக்கம் லிங்கேஸ்வரன், சட்டையெல்லாம் கூழ்.

அவன் புட்டியில் செடி வளர்வதற்கான சத்துக் கூழ் காய்ச்சுகிறவன். அவள் செடி வெட்டுகிறவள். கோலா சிலாங்கூருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருந்த அந்தத் திசு வளர்ப்புக் கூடத்தில் எல்லாச் செடியும் இந்த இரண்டு கைகளைத் தாண்டித்தான் போகவேண்டும்.

சூப்பர்வைசர் அகதா காலையிலேயே சொல்லிவிட்டார். செம்பனை ஆர்டர் வருகிறது, அலமாரியில் யாருடைய சொந்தப் புட்டியும் இருக்கக்கூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் எடுக்காதது ஆட்டோகிளேவுக்குள் போகும்.

ஆட்டோகிளேவ் பிரஷர் குக்கருக்குப் பெரியண்ணன். உள்ளே போன எதுவும் உயிரோடு திரும்பாது.

அலமாரியில் இருந்த ஒரே சொந்தச் சரக்கு இவர்களுடைய ஒரு தட்டு வாழைக்கன்றுகள். விரல் நீளம்கூட இல்லாத பச்சைக் குஞ்சுகள்.

பச்சை மூடிப் புட்டியில் சைட்டோகைனின் கலந்த கூழ். அதில் வைத்தால் வாழை தளிர்மேல் தளிராய் விட்டுக்கொண்டே இருக்கும், வேர் மட்டும் விடாது. வெள்ளை மூடியில் இருப்பது ஆக்சின் கலந்த கூழ். அதில் வைத்து மூடிவிட்டால் வீட்டு ஜன்னலோரத்தில்கூட வேர் இறங்கும். வேர் இறங்கிவிட்டால் புட்டி போதாது, மண்ணுக்குப் போயே ஆகவேண்டும்.

இந்தக் கன்றுகள் வெள்ளை மூடியைப் பார்த்ததே இல்லை. மாதாமாதம் அவன் பச்சை மூடிகளை நீட்டுவான். அவள் வெட்டிப் பிரித்து வைப்பாள். அடுத்து என்ன என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதில்லை.

ஆனால் வாழையின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. அளவு மீறி வெட்டிப் பெருக்கினால் குணம் மாறிவிடும். இலை கோணும், மரம் குட்டையாகும், தார் கெடும்.

"இங்க பாரு, இந்த இலையில வெள்ளைக் கோடு."

"அது உன் லைட்டு."

"என் லைட்டு நல்லாத்தான் இருக்கு. உன் கூழுதான் தண்ணி."

"தண்ணியா? இங்க எல்லாரும் என் கூழை நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க. வீட்டுலதான் ஒருத்தரும் சொன்னதில்ல."

முகமூடிக்கு மேலே அவள் கண்கள் சிரித்தன. பிறகு சட்டென்று குனிந்துகொண்டன.

இவை பிழைக்கும் என்று முதலில் இருவருமே நம்பவில்லை. வாழைப்பூவின் நுனியைச் சீவி எடுத்தது. வெட்டுப்பட்ட இடத்தில் காற்றுப் பட்டால் போதும், உள்ளே இருக்கும் என்சைம் வேலையைக் காட்டிக் கறுக்க வைத்துவிடும். வீட்டில் என்றால் மோரில் போடுவார்கள். இங்கே வைட்டமின் சி கரைசல். அப்படியும் வைத்தவை எல்லாம் கறுத்துப்போக, ஒரே ஒரு துண்டு மட்டும் பிடிவாதமாக வெள்ளையாய் நின்றது.

அதன் பிள்ளைகள்தாம் இத்தனையும்.

கதவைத் திறந்து அகதா எட்டிப் பார்த்தார். வந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்.

"இன்னும் முடியலையா? அப்படி என்ன ரகம்லா அது? எங்க கிடைச்சுது?"

"டவுன்ல, கா," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

அகதா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

டவுனில்தான். கல்யாண மண்டப வாசலில், இடது தூணில் கட்டியிருந்த மரம். எல்லாம் முடிந்து மரத்தை லோரியில் தூக்கிப் போடும்போது, மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாய் ஓடிப்போய்ப் பூவை ஒடித்துவந்து பெண்ணிடம் நீட்டினான். சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெண் பட்டுப்புடவை மடியில் பால் கறை படிய அதை வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பெண் இப்போது பத்தாங் பெர்ஜுந்தையில் அக்கா வீட்டிலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வருகிறாள். ஒரு வாரம் என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு போனவள். அதற்குப் பிறகு ஒரு தீபாவளி வந்து போய்விட்டது.

வேலை இடத்தில் மட்டும் சண்டை கிடையாது. செடிக்குத் தெரியாதே.

லிங்கேஸ்வரன் ஒரு தட்டை ஜன்னல் வழியே தள்ளினான்.

எல்லாம் வெள்ளை மூடிகள்.

துளசி தட்டைப் பார்த்தாள். கத்தியை நெருப்பில் காட்டினாள். ஆறும்வரை காத்திருந்தாள்.

"இது வேர் விட்டா எங்க கொண்டு போறது? அக்கா வீடு முன்னாலயும் சிமெண்டு, பின்னாலயும் சிமெண்டு."

"நம்ம வீட்டுப் பின்னால, பாத்ரூம் தண்ணி போற இடத்துல, குழி வெட்டி வச்சிருக்கேன்."

அவள் முதல் மூடியைத் திறந்தாள்.

புக்கிட் ரோத்தான் தோட்டத்தில் பிறந்து, நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மண்வெட்டி பிடித்தவன், ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னான்:

"எனக்கு வாழை நடத் தெரியாதுலா, துளசி. நீ வந்து நட்டுத் தரியா?"