வாசலில் சொன்ன சொல்

பாலைவனத்துப் பாறை இடுக்கின் வாசலில் இருந்த கதவுக்கு, போகிறவர்களும் வருகிறவர்களும் எத்தனை பேர் என்று வாயால் சொன்னால் போதும். அதுவே எண்ணிக்கொள்ளும்.

"ரெண்டு பேர் போறோம்," என்றார் தில்லைநாயகம். கதவு திறந்தது.

அவர் மனைவி செண்பகத்துக்குச் சுருக்கென்றது. "வாயைக் கழுவுங்க! கிளம்பும்போது போறோம்னா சொல்லுவாங்க? போயிட்டு வர்றோம்னு சொல்லுங்க."

அவரும் சிரித்துக்கொண்டே திருத்திச் சொன்னார். "அதையும் குறித்துக்கொண்டேன், நன்றி," என்றது கதவு.

இரண்டு மணி நேரம் வெயிலில் நடந்து, மூன்று அருவிகளைத் தாண்டி, கடைசிக் குளத்தில் இறங்கினார்கள். தண்ணீர் சில்லென்றிருந்தது. இருபுறமும் ஏற முடியாத செங்குத்துப் பாறை. செண்பகம் கண்ணை மூடிக்கொண்டு மிதந்தாள்.

அப்போது பாறைக்குள்ளிருந்து கதவின் அதே குரல் வந்தது. "போன இருவரும் வந்துவிட்டார்கள். உள்ளே யாரும் இல்லை. குளங்களை நிரப்ப மேல் அணையின் மதகு திறக்கப்படுகிறது."

"நாங்க இங்கேதான் இருக்கோம்!" என்று தில்லைநாயகம் தொண்டை கிழியக் கத்தினார். கதவுக்குக் காது வாசலில் மட்டும்தான்.

மேலே எங்கோ மலை உறுமியது. செண்பகம் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"போறோம்னே விட்டிருக்கலாங்க."